ஒரே தாளில் எட்டு வரைபடம்: எதைப் பக்கத்தில் வைப்பது, எதைக் கீழே வைப்பது?

எட்டு வரைபடத்தை எட்டுப் படமாக வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பாருங்கள். பெறுபவர் முதல் இரண்டைத் திறப்பார், மூன்றாவதைத் திறக்கும்போது முதலாவதில் என்ன இருந்தது என்பது மறந்திருக்கும், மிச்சத்தை அப்படியே தள்ளிவிட்டு ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். அவர்மேல் தப்பில்லை. ஒரே பார்வையில் கண்ணுக்கு அகப்படுவதைத்தான் ஒழுங்காக ஒப்பிட முடியும், ஒன்றை மூடி இன்னொன்றைத் திறந்தால் ஞாபகத்தை நம்பி ஒப்பிடுகிறோம் என்று அர்த்தம்.

அதனால்தான் பல வரைபடத்தை ஒரே தாளில் வரிசையும் நெடுவரிசையுமாகக் கட்டம் போட்டு அடுக்குகிறோம். பைத்தான், ஆர் என்கிற நிரல் மொழிகளில் எதில் செய்தாலும் அதற்கான கட்டளை ஒரு வரிதான், அரை மணி நேரத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் எந்தக் கட்டத்தை எதற்குப் பக்கத்தில் வைப்பது, எந்த அச்சைப் பொதுவாக்குவது என்கிற இரண்டு கேள்விக்கும் கணினி பதில் சொல்லாது. தேடினால் கிடைக்கிற பாடங்களும் பெரும்பாலும் கட்டளையைக் காட்டிவிட்டு நிறுத்திவிடுகின்றன. நான் அந்த இரண்டு கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், கட்டளை பின்னால் வரட்டும்.

நான் இருப்பது மலேசியாவின் பேராவில், சுங்கை சிப்புட் பக்கம். டவுனைத் தாண்டினால் செம்பனை, அங்கங்கே மிச்சம் மீதி ரப்பர். இங்கிருந்து யூனிக்குப் போகிற பிள்ளைகளில் பலர் புள்ளியியல் புராஜெக்ட் என்றதும் அப்பாவோ மாமாவோ வேலை செய்கிற தோட்டத்தின் கணக்கைத்தான் எடுத்துக்கொண்டு வருகிறார்கள், அது நல்லதுதான், தெரிந்த எண்களை வைத்துப் படித்தால் தப்பு சீக்கிரம் கண்ணில் படும். அதனால் உதாரணத்துக்கு ஒரு தோட்டத்தையே எடுத்துக்கொள்வோம்: எட்டு பிளாக், ஒவ்வொன்றிலும் மாதா மாதம் வெட்டிய குலை எத்தனை டன், அந்த மாதம் பெய்த மழை எத்தனை மில்லிமீட்டர். தோட்டமும் அதன் எண்களும் பேச்சுக்குத்தான். கட்டளைகளின் பெயரை இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், கணினியில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுத் தங்கச்சி ஒருத்தி இப்படித்தான் எட்டு பிளாக்குக்கும் எட்டுக் கோட்டு வரைபடம் போட்டு, இரண்டு வரிசை நான்கு நெடுவரிசையாக ஒரு ஏ4 தாளில் அச்செடுத்து, தோட்டத்தில் மண்டோராக, அதாவது மேற்பார்வையாளராக, இருக்கும் தன் மாமாவிடம் காட்டினாள். அவர் தலைப்பு எதையும் படிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூன்றாம் பிளாக் கோட்டின் உச்சியில் நகத்தை வைத்தார், அப்படியே மட்டமாக வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போய் நான்காம் பிளாக்கில் நிறுத்தினார்.

“நாலாம் பிளாக்கு மூணாம் பிளாக்க விட நல்லா குடுத்திருக்கா? அது நட்டு மூணு வருசம்தானம்மா ஆகுது.”

“இல்ல மாமா, அதோட அளவு வேற. மூணாம் பிளாக்குல மேல இருக்கிறது நாப்பது டன்னு, இதுல பன்னெண்டு.”

“அப்பறம் ஏன் பக்கத்துல கொண்டாந்து வெச்ச?”

செம்பனை நட்டு இரண்டரை, மூன்று வருஷத்தில்தான் முதல் அறுவடை வரும், அப்போது குலை சின்னது, எடை குறைவு, அது மண்டோருக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்ததால்தான் அவர் நம்பவில்லை. தோட்டத்தைப் பார்த்தே இராத ஒரு விரிவுரையாளர் கையில் அதே தாள் போயிருந்தால் நான்காம் பிளாக் பிரமாதம் என்று குறித்துவிட்டுப் போயிருப்பார்.

அவர் விரலை வைத்தே ஒரு விதி சொல்லிவிடலாம். கட்டங்கள் பக்கம் பக்கமாக இருந்தால் பார்ப்பவரின் விரல் மட்டமாக நகரும், மட்டமாக நகர்கிற விரல் உயரத்தைத்தான் ஒப்பிடும், அதனால் ஒரே வரிசையில் இருக்கிற கட்டங்களுக்கு நிற்கிற அச்சு, அதாவது ஒய் அச்சு, பொதுவாக இருக்க வேண்டும். கட்டங்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக இருந்தால் விரல் மேலிருந்து கீழே இறங்கும், அது காலத்தை, இடத்தை, ‘எப்போது’ என்பதை ஒப்பிடும், அப்போது படுக்கை அச்சு, எக்ஸ் அச்சு, பொதுவாக இருக்க வேண்டும். எவ்வளவு என்று கேட்டால் பக்கத்தில் வை, எப்போது என்று கேட்டால் கீழே வை. கணினியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு துண்டுத் தாளில் பெட்டிகளை வரைந்து, யாராவது ஒருவரை விரல் ஓட்டச் சொல்லிப் பாருங்கள். இது நேரத்தை வீணடிப்பது மாதிரி தோன்றும், ஆனால் பிறகு மூன்று முறை நிரலை மாற்றி எழுதுவதைவிடச் சீக்கிரம் முடியும்.

தாள் வேறு, கட்டம் வேறு

பைத்தானில் வரைபடம் போட எல்லோரும் முதலில் தொடுவது மேட்பிளாட்லிப் என்கிற நூலகம், அதாவது தயார் நிரல்களின் தொகுப்பு. அதில் ஃபிகர் என்று ஒன்று, ஆக்சஸ் என்று ஒன்று. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. ஃபிகர் என்பது முழுத் தாள். ஆக்சஸ் என்பது அந்தத் தாளுக்குள் இருக்கிற ஒரு கட்டம், அதற்கென்று சொந்தமாக எக்ஸ் அச்சு, ஒய் அச்சு, தலைப்பு, கோடு, புள்ளி எல்லாம் உண்டு. பழைய தோட்டத்து லயத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: கூரை ஒன்று, வீடு பல, ஒவ்வொரு வீட்டுக்கும் நம்பர், அடுத்தடுத்த இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் பொது. ஃபிகர்தான் லயம், ஆக்சஸ் ஒவ்வொன்றும் ஒரு வீடு, பொது அச்சுதான் அந்த நடுச்சுவர். கூரையின் அளவை மாற்ற வேண்டுமென்றால் ஃபிகரிடம் சொல்ல வேண்டும், நான்காம் வீட்டுக்குள் கோடு போட வேண்டுமென்றால் நான்காம் ஆக்சஸிடம் சொல்ல வேண்டும்.

சப்பிளாட்ஸ் என்கிற கட்டளைக்கு இரண்டு எண் கொடுங்கள், முதலில் வரிசை, அடுத்து நெடுவரிசை. 2, 4 என்று கொடுத்தால் இரண்டு வரிசை, நான்கு நெடுவரிசை, ஆக எட்டுக் காலிக் கட்டம் உள்ள ஒரு தாள் கிடைக்கும். கட்டளை திருப்பித் தருவது இரண்டு பொருள், ஒன்று தாள், மற்றது கட்டங்களின் அட்டவணை. அந்த அட்டவணையில் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும், அதாவது முதல் வரிசை இரண்டாவது கட்டம் என்றால் 0, 1. இதே நூலகத்தில் ‘எஸ்’ இல்லாமல் சப்பிளாட் என்று இன்னொரு கட்டளை இருக்கிறது, அதில் கட்டங்களை 1 முதல் எண்ணுவார்கள். யார் இப்படி ஒரே வீட்டில் இரண்டு நாட்காட்டி மாட்டினார்களோ! புதிதாகப் படிப்பவர்கள் ‘எஸ்’ உள்ளதையே பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதை மறந்துவிடலாம்.

இன்னொரு இடறல் உண்டு. 2, 4 என்று கேட்டால் வரிசை, நெடுவரிசை என்று இரண்டு திசை உள்ள அட்டவணை வரும். 1, 4 என்று கேட்டால் ஒரே திசையில் ஒரு பட்டியல் மட்டும் வரும். 1, 1 என்று கேட்டால் பட்டியலே இல்லை, ஒற்றைக் கட்டம் வரும். நேற்று எட்டுக் கட்டத்துக்கு ஓடிய நிரல் இன்று நான்கு கட்டத்துக்கு ஓடாமல் சிவப்பாகக் கத்தினால் காரணம் அநேகமாக இதுதான். ஸ்குவீஸ் என்பதை ஃபால்ஸ் என்று வைத்துவிட்டால் எப்போதும் இரண்டு திசை அட்டவணையே வரும். கட்டங்களை ஒவ்வொன்றாகச் சுற்றி வர வேண்டுமென்றால் அட்டவணையின் ஃபிளாட் என்பதைப் பயன்படுத்துங்கள், அது எல்லாக் கட்டத்தையும் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்று ஒரே கோட்டில் நிறுத்தித் தரும், பிளாக் பெயர்ப் பட்டியலோடு ஜோடி சேர்த்து ஒரு ஃபார் சுற்றுப் போட்டால் வேலை முடிந்தது.

இப்போது அச்சு. ஷேர்எக்ஸ், ஷேர்ஒய் என்று இரண்டு இருக்கின்றன. ட்ரூ என்று கொடுத்தால் எல்லாக் கட்டத்துக்கும் ஒரே அளவு. ‘ரோ’ என்று கொடுத்தால் ஒரு வரிசைக்குள் மட்டும் பொது, ‘கால்’ என்று கொடுத்தால் ஒரு நெடுவரிசைக்குள் மட்டும் பொது. ஒன்றும் கொடுக்காவிட்டால் ஒவ்வொரு கட்டமும் தன் எண்களுக்கு ஏற்ற அளவைத் தானே போட்டுக்கொள்ளும். தங்கச்சியின் தாளில் நடந்தது அதுதான். மேட்பிளாட்லிப்பின் பிறவிக் குணம் அது, கேட்காவிட்டால் அளவைப் பொதுவாக்காது. ஆர் மொழியில் ஜிஜிபிளாட்2 என்கிற வரைபடத் தொகுப்பு நேர் எதிர், நீங்கள் வேண்டாம் என்று சொல்கிற வரைக்கும் எல்லாக் கட்டத்துக்கும் ஒரே அளவுதான். பைத்தானிலேயே சீபார்ன் நூலகத்தின் ரெல்பிளாட்டும் பொது அளவில்தான் ஆரம்பிக்கும். ஒரே தரவை இரண்டு நண்பர்கள் இரண்டு கருவியில் வரைந்து இரண்டு முடிவுக்கு வருகிறார்கள் என்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

என் பழக்கம், பொது அளவில் வரைந்து பார்த்த பிறகுதான் தனி அளவைத் தொடுவது. பொது அளவில் நான்காம் பிளாக்கின் கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும், அதில் ஏற்ற இறக்கமே தெரியாது, பார்க்கிறவருக்கு எரிச்சல் வரும். ஆனால் இளங்கன்று பிளாக் குறைவாகக் கொடுக்கிறது என்பதுதான் அங்கே முதல் உண்மை, அதை மறைத்துவிட்டு அடுத்த உண்மைக்குப் போகக்கூடாது.

தனி அளவுக்கும் நியாயமான இடம் இருக்கிறது. கேள்வி ‘எந்த பிளாக் அதிகம்’ என்பதாக இல்லாமல் ‘ஒவ்வொரு பிளாக்கிலும் எந்த மாதம் உச்சம்’ என்பதாக இருந்தால் உயரம் முக்கியமில்லை, வடிவம்தான் முக்கியம், அப்போது தனி அளவு விடலாம். ஜிஜிபிளாட்டில் ஸ்கேல்ஸ் என்பதற்கு ‘ஃப்ரீ_ஒய்’ என்று கொடுத்தால் ஒய் அச்சு மட்டும் விடுதலையாகும், மாதங்கள் உள்ள எக்ஸ் அச்சு பொதுவாகவே இருக்கும். அப்படிச் செய்தால் கட்டங்களைக் கீழே கீழே அடுக்குங்கள், பக்கத்தில் வைக்காதீர்கள், விரல் மட்டமாக நகர வழியே இருக்கக்கூடாது. தலைப்புக்குக் கீழே ‘ஒவ்வொரு கட்டத்துக்கும் அளவு வேறு’ என்று ஒரு வரி கட்டாயம் போடுங்கள்.

ஒய் அச்சு எங்கே ஆரம்பிக்கிறது என்பதும் இதோடு சேர்ந்த விஷயம். நாட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மலேசியாவின் கச்சா செம்பனை எண்ணெய் உற்பத்தி 2015 இல் 19.96 மில்லியன் டன், 2016 இல் 17.32 மில்லியன் டன், 2017 இல் மறுபடி 19.92 மில்லியன் டன். 2015-16 எல் நினோ வறட்சியின் அடி அது, விழுந்தது ஏறக்குறைய 13 சதவீதம். இதை மட்டும் ஒரு கட்டத்தில் தனி அளவில் போட்டால் கருவி தானாக 17 க்கும் 20 க்கும் நடுவில் அச்சை வைத்துக்கொள்ளும், கோடு மலையிலிருந்து பாதாளத்தில் விழுந்த மாதிரி தெரியும். பூஜ்யத்திலிருந்து போட்டால் ஒரு பள்ளம், அவ்வளவுதான். கோட்டு வரைபடம் எப்போதும் பூஜ்யத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்று சட்டமில்லை, ஆனால் பட்டை வரைபடம் என்றால் பூஜ்யத்தை விடவே கூடாது, ஏனென்றால் அங்கே பட்டையின் நீளம்தான் எண்.

கீழே அடுக்கினால் என்ன கிடைக்கும்

மழையும் விளைச்சலும் என்றால் பக்கத்தில் வைத்துப் பிரயோஜனமில்லை. ஒன்று மில்லிமீட்டர், மற்றது டன், உயரத்தை ஒப்பிட அங்கே ஒன்றுமே இல்லை. மேலே மழை, கீழே குலை, எக்ஸ் அச்சு இரண்டுக்கும் பொது. 2, 1 என்று சப்பிளாட்ஸ், ஷேர்எக்ஸ் ட்ரூ. மேல் கட்டத்தின் அடியில் மாதப் பெயர்கள் தானாகவே மறைந்து கீழ்க் கட்டத்தில் மட்டும் நிற்கும், இடமும் மிச்சம்.

ரப்பர் தோட்டம் என்றால் இந்த அடுக்கு உடனே பேசும். பட்டை ஈரமாக இருந்தால் பால் வெட்ட முடியாது, மழை கொட்டிய மாதத்துக்கு நேர் கீழே வேலை நாள் குறைந்திருக்கும். இலை உதிர்கிற காலத்தில், பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வாக்கில், மழை குறைவாக இருந்தும் பால் குறையும், அதுவும் அதே தாளில் தெரியும், காரணம் வேறு என்று புரிந்துகொள்ள மட்டும் மரத்தைத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும்.

செம்பனையில் அப்படி நேராக இறங்காது. பூ ஆணாக வருமா பெண்ணாக வருமா என்பது அறுவடைக்கு ஏறக்குறைய இரண்டு வருஷம் முன்னாலேயே தீர்மானமாகிவிடுகிறது, வறட்சி வந்தால் ஆண் பூ கூடும், ஆண் பூவில் குலை கிடையாது. அதனால் இந்த மாத மழையையும் இந்த மாதக் குலையையும் நேருக்கு நேர் புள்ளியாகப் போட்டு, தொடர்பே இல்லை என்று எழுதுகிற புராஜெக்ட்கள் வருஷா வருஷம் வருகின்றன. இரண்டையும் கீழே கீழே அடுக்கி, மூன்று நான்கு வருஷத்தை ஒரே நீளத்தில் ஓட விட்டால், மேலே ஒரு வறட்சிப் பள்ளம், அப்புறம் பல மாதம் தள்ளி கீழே ஒரு விளைச்சல் பள்ளம் என்று கண்ணுக்கே தட்டுப்பட வாய்ப்பு உண்டு. இரண்டையும் ஒரே கட்டத்துக்குள் இடப்பக்கம் ஒரு அச்சு, வலப்பக்கம் ஒரு அச்சு என்று திணிக்கிற வழக்கத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அந்த இரண்டு அச்சையும் கொஞ்சம் ஏற்றி இறக்கினால் எந்த இரண்டு கோட்டையும் கைகோர்த்து நடக்க வைக்கலாம்.

கட்டம் போட்டதாலேயே ஒரு விஷயம் வெளியே வந்த கதை ஒன்று இந்தத் துறையில் பிரசித்தம், அதுவும் விவசாயக் கணக்குதான். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 1931, 1932 என்று இரண்டு வருஷம் ஒரு பார்லி சோதனை நடந்தது. பத்து ரகம், ஆறு இடம், இரண்டு வருஷம், ஆக 120 எண். அந்த எண்கள் புள்ளியியல்காரர்கள் மத்தியில் பல பத்தாண்டு புழங்கின, புள்ளியியலின் முன்னோடியான ரொனால்ட் ஃபிஷரே அதை எடுத்துக் கையாண்டிருக்கிறார். 1990களில் பெல் ஆய்வகத்தில் புள்ளியியலாளர் வில்லியம் கிளீவ்லண்டும் அவருடைய சகாக்களும் ட்ரெல்லிஸ் என்ற கட்ட முறையை உருவாக்கியபோது இதே எண்களை இடத்துக்கு ஒரு கட்டமாக ஆறு கட்டம், ஒன்றின்கீழ் ஒன்றாக, விளைச்சல் படுக்கை அச்சில், அளவு ஆறுக்கும் பொதுவாக வரைந்தார்கள். விரலை மேலிருந்து கீழே இறக்கினால் ஐந்து இடத்தில் பொதுவாக 1931 இன் புள்ளிகள் வலப்பக்கம், அதாவது விளைச்சல் கூடுதல். மோரிஸ் என்கிற ஓர் இடத்தில் மட்டும் தலைகீழ், 1932 வலப்பக்கம் போய் நிற்கிறது. அந்த இடத்துக் கணக்கில் இரண்டு வருஷத்தையும் யாரோ மாற்றி எழுதிவிட்டார்கள் என்று கிளீவ்லண்ட் வாதிட்டார். பின்னால் இன்னும் கூடுதல் தரவைத் தோண்டிப் பார்த்தவர்கள், அது பிழையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, இயற்கையாகவே அப்படி ஏற்ற இறக்கம் வரக்கூடியதுதான் என்றார்கள். யார் சொன்னது சரி என்பது இருக்கட்டும், அத்தனை வருஷம் அட்டவணையாகக் கிடந்தபோது பலர் கண்ணைத் தாண்டிப்போன கேள்வியை ஆறு கட்டமும் ஒரு பொது அச்சும் எழுப்பின. அந்தத் தரவு ஆர் மொழியின் லாட்டிஸ் தொகுப்பில் ‘பார்லி’ என்ற பெயரிலேயே இருக்கிறது, எடுத்து வரைந்து பாருங்கள், பழகுவதற்கு இதைவிட நல்லது கிடைக்காது. லாட்டிஸை எழுதியவர் தீபாயன் சர்க்கார், ட்ரெல்லிஸ் முறையை அப்படியே ஆருக்குக் கொண்டுவந்தவர் அவர்.

ஒரே படம் பல முறையா, பல படம் ஒரே தாளிலா

இந்த இரண்டும் வேறு வேறு வேலை, கருவியும் வேறு. எட்டு பிளாக்குக்கும் ஒரே மாதிரிக் கோடு வேண்டும் என்றால் எட்டு முறை நிரல் எழுதாதீர்கள். ஜிஜிபிளாட்டில் ஒரு முறை வரைந்துவிட்டு ஃபேசட்_ராப் என்று போட்டு தரவு அட்டவணையின் எந்தப் பத்தியை வைத்துப் பிரிக்க வேண்டும் என்று சொன்னால் போதும். பிரிப்பது இரண்டு வகையில் என்றால், உதாரணமாக வரிசைக்கு ஒரு வருஷம், நெடுவரிசைக்கு ஒரு பிளாக் என்றால், ஃபேசட்_கிரிட். சீபார்னில் ரெல்பிளாட்டுக்கு ‘ரோ’, ‘கால்’ என்று கொடுப்பது இதே வேலைதான், கட்டம் அதிகமானால் ‘கால்_ராப்’ வைத்து அடுத்த வரிசைக்கு மடக்கலாம்.

இங்கே ஒரு முட்டுக்கட்டை வரும், அது வரைபடத்தில் இல்லை, கணக்குப் புத்தகத்தில். ஆபிஸில் கிராணி, அதாவது கணக்கு எழுதுபவர், எழுதுகிற புத்தகம் அகலமானது: இடது ஓரத்தில் பிளாக், மேலே ஜனவரியிலிருந்து டிசம்பர் வரைக்கும் பன்னிரண்டு பத்தி. மனிதர் படிக்க அதுதான் வசதி. ஃபேசட்டுக்கு வேண்டியது நீளமான அட்டவணை: ஒரு பத்தி பிளாக், ஒரு பத்தி மாதம், ஒரு பத்தி டன், வரிக்கு ஒரே ஓர் எண். எட்டு வரி அகல அட்டவணை நீளமாகும்போது தொண்ணூற்றாறு வரியாகிவிடும், பயப்பட வேண்டாம், அதுதான் சரி. பைத்தானில் அட்டவணைகளைக் கையாளும் நூலகமான பாண்டாஸில் மெல்ட், ஆர் பக்கம் டைடிஆர் தொகுப்பில் பிவட்_லாங்கர், இரண்டும் இதைத்தான் செய்கின்றன. ஃபேசட் வேலை செய்யவில்லை என்று வருகிறவர்களிடம் நான் நிரலைப் பார்ப்பதற்கு முன்னால் அட்டவணையின் முதல் ஐந்து வரியைத்தான் கேட்பேன்.

நீட்டியதும் அடுத்த கூத்து, வரிசை. ஆர் மொழிக்கு மாதம் என்றால் என்னவென்று தெரியாது, எழுத்தாகக் கொடுத்தால் அகர வரிசையில் அடுக்கும், புத்தகத்தில் மாதம் மலாயில் இருந்தால் ஏப்ரலுக்கு அடுத்து டிசெம்பர், அப்புறம் பெப்ருவாரி என்று வருஷம் குட்டிக்கரணம் போடும். பிளாக் பெயரும் அப்படியே, தோட்டம் பெரிதாக இருந்தால் பத்தாம் பிளாக் இரண்டாம் பிளாக்குக்கு முன்னால் வந்து உட்காரும். ஃபேக்டர் ஆக்கி வரிசையை நாமே சொல்லிவிட வேண்டும், பாண்டாஸில் அதற்குப் பெயர் கேட்டகாரிகல். ஒரு படி மேலே போய், பிளாக்குகளை எண் வரிசையில் வைக்காமல் நட்ட வருஷத்தின்படியோ சராசரி விளைச்சலின்படியோ அடுக்கிப் பாருங்கள். பார்லி கட்டங்களையும் நடுமதிப்பின்படிதான் அடுக்கினார்கள், இடங்களின் பெயர் வரிசையில் வைக்கவில்லை.

இனி இரண்டாவது வகை: ஒரு கோடு, ஒரு பெட்டி வரைபடம், ஒரு ஹிஸ்டோகிராம் என்று வேறு வேறு படங்களை ஒரு தாளில் சேர்ப்பது. ஆரில் பழைய பாணி வரைபடங்களுக்கு பார் என்ற கட்டளையில் எம்எஃப்ரோ என்று சொல்லி 2, 2 கொடுத்தால் போதும், அடுத்து வரைகிற நான்கும் வரிசை வரிசையாகப் போய் உட்காரும், எம்எஃப்கால் என்றால் நெடுவரிசை முதலில் நிறையும். நேர்கோட்டு மாதிரி ஒன்றைப் பொருத்திவிட்டுப் பிளாட் என்று சொன்னால் நான்கு சோதனைப் படம் வருமே, அதை ஒரே தாளில் பார்க்க எல்லோரும் செய்வது இதுதான். ஆனால் இதே வரியை ஜிஜிபிளாட்டுக்கு முன்னால் போட்டால் ஒன்றும் நடக்காது, பிழைச் செய்தியும் வராது. ஜிஜிபிளாட் ஓடுவது கிரிட் என்கிற வேறொரு வரைகலை முறையில், பார் சொல்வது அதன் காதிலேயே விழாது. அதற்குப் பேட்ச்வொர்க் தொகுப்பு இருக்கிறது. படங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டு, நடுவில் நிற்கும் கோடு போட்டால் பக்கத்தில், சாய்கோடு போட்டால் கீழே. பக்கமா கீழேயா என்று நாம் தாளில் தீர்மானித்ததை அப்படியே தட்டிவிடலாம். கட்டங்களின் ஓரங்களை அது நேராக நிறுத்தித் தரும், அளவை மட்டும் பொதுவாக்காது, எல்லைகளை நாம்தான் ஒரே மாதிரி கொடுக்க வேண்டும்.

சீபார்னிலும் இதே மாதிரி ஒரு குழி உண்டு. ஸ்கேட்டர்பிளாட், பாக்ஸ்பிளாட், ஹிஸ்ட்பிளாட் போன்றவை நாம் காட்டுகிற ஒரு கட்டத்துக்குள் போய் வரையும், எந்தக் கட்டம் என்பதை ஏஎக்ஸ் என்று கொடுக்க வேண்டும். ரெல்பிளாட், கேட்பிளாட், டிஸ்பிளாட் போன்றவை தங்களுக்கென்று முழுத் தாளையே எடுத்துக்கொள்கிறவை, அவற்றை நம் கட்டத்துக்குள் அடைக்க முடியாது. சப்பிளாட்ஸ் போட்டு, அப்புறம் ரெல்பிளாட்டைக் கூப்பிட்டு, காலிக் கட்டங்கள் ஒரு தாளிலும் படம் இன்னொரு தாளிலும் வந்தால், கணினி கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

கட்டங்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்றும் இல்லை. மேலே தோட்டம் முழுவதற்கும் ஒரு நீளமான படம், கீழே பிளாக்குகளுக்கு நான்கு சின்னப் படம் என்று வேண்டுமானால் மேட்பிளாட்லிப்பில் சப்பிளாட்_மொசைக் இருக்கிறது, 2020 இல் வந்த 3.3 பதிப்பிலிருந்து. எழுத்தாலேயே தாளை வரையலாம்: முதல் வரியில் ‘அஅஅஅ’, இரண்டாம் வரியில் ‘ஆஇஈஉ’ என்கிற பாணியில் எழுத்துகளைக் கொடுத்தால், ஒரே எழுத்து பரவிய இடமெல்லாம் சேர்ந்து ஒரே கட்டமாகிவிடும். கட்டங்களும் அந்த எழுத்தின் பெயரிலேயே கிடைக்கும், 0, 1 என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். எனக்கு இது ரொம்பப் பிடித்தது.

மிச்சம் எல்லாம் துப்புரவு வேலை. மேட்பிளாட்லிப் தாள் சொல்லாவிட்டால் 6.4 அங்குல அகலம், 4.8 அங்குல உயரம், அதில் எட்டுக் கட்டத்தை நெரித்தால் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். ஃபிக்சைஸை ஏ4 அளவுக்கு, 8.27, 11.69 என்று கொடுங்கள், லேஅவுட் என்பதற்கு ‘கன்ஸ்ட்ரெயின்ட்’ என்று கொடுங்கள், பெரும்பாலான மோதல்கள் தீரும். ஆரின் எம்எஃப்ரோ 2, 2 தாளில் எழுத்தைத் தானாக 0.83 மடங்காகச் சுருக்கும், வரிசையோ நெடுவரிசையோ மூன்றைத் தொட்டால் 0.66 மடங்கு, எழுத்து ஏன் எறும்பு மாதிரி இருக்கிறது என்பதற்குக் காரணம் அது. ஆர் நிரல் எழுதுகிற மென்பொருளான ஆர்ஸ்டூடியோவில் ‘ஃபிகர் மார்ஜின்ஸ் டூ லார்ஜ்’ என்று திட்டினால் படம் தெரிகிற சன்னலை இழுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், பெரும்பாலும் அதற்கே போய்விடும். ஏழு பிளாக்குக்கு எட்டுக் கட்டம் போட்டிருந்தால் எட்டாவதை ரிமூவ் சொல்லி எடுத்துவிடுங்கள், அல்லது வண்ணக் குறிப்பை அங்கே வையுங்கள். வண்ணக் குறிப்பு தாளுக்கு ஒன்று போதும், கட்டத்துக்குக் கட்டம் வேண்டாம். அச்சின் பெயரும் அப்படித்தான், ‘டன்’ என்று எட்டு முறை எழுதாமல் சப்ஒய்லேபிள் (supylabel) வைத்து இடது ஓரத்தில் ஒரு முறை எழுதினால் போதும்.

ஒவ்வொரு கட்டத்திலும் மற்ற ஏழு பிளாக்கின் கோட்டையும் மெல்லிய சாம்பல் நிறத்தில் போட்டுவிட்டு, அந்தக் கட்டத்துக்குச் சொந்தமான பிளாக்கை மட்டும் தடித்த கோடாகப் போடுகிற ஒரு வித்தை இருக்கிறது. மண்டோர் மாமாவுக்கு இப்படி ஒன்று போட்டுக் கொடுத்தால் அவர் விரலை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தவே தேவையில்லை, மந்தையில் இது எங்கே நிற்கிறது என்பது அந்தக் கட்டத்துக்குள்ளேயே தெரிந்துவிடும். ஜிஜிபிளாட்டில் பிளாக் பத்தியை நீக்கிய ஒரு நகலைத் தரவாகக் கொடுத்து முதலில் சாம்பல் கோட்டைப் போட்டால் அது எல்லாக் கட்டத்திலும் திரும்பத் திரும்ப வரும், பிரிக்க வேண்டிய பத்தி அதில் இல்லாததால்.

அதற்காக எதற்கெடுத்தாலும் கட்டம் போட வேண்டாம். இரண்டே பிளாக் என்றால் ஒரே கட்டத்தில் இரண்டு கோடாகப் போடுங்கள், மூன்று என்றாலும் சமாளிக்கலாம். நான்கு ஐந்து கோடு பின்னிக்கொள்ள ஆரம்பித்ததும் பிரித்துவிடுங்கள். நாற்பது பிளாக்குக்கு நாற்பது கட்டம் போட்டாலும் யாரும் பார்க்கப் போவதில்லை, வயதுவாரியாகத் தொகுத்து ஆறேழாக்குங்கள்.

சேமிக்கும்போது அச்சுக்குப் போவது என்றால் பிடிஎஃப், எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு உடையாது. வாட்ஸ்அப்புக்கு என்றால் பிஎன்ஜி, டிபிஐ 300 வைத்துச் சேமித்து, படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் அது அமுக்கிவிடும், சின்னக் கட்டத்து எண்கள் மங்கிப்போகும். தோட்டத்து ஆபிஸில் இருப்பது கறுப்பு வெள்ளை பிரிண்டர்தான் என்றால் நிறத்தை நம்பாமல் கோட்டின் தடிமனையும் புள்ளிக் கோட்டையும் வைத்து வேறுபடுத்துங்கள், சிவப்பும் பச்சையும் அங்கே ஏறக்குறைய ஒரே சாம்பலாகத்தான் வெளியே வரும்.